மத்தியானத்தில் பூட்டிக் கிடந்த நிழல்

மரத்தை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பின மறுநாள் காலையில், உடையனேரி பழைய பஸ் ஸ்டாண்டு மைதானத்தில் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் மட்டும் போகாமல் கிடந்தது. அதை முதலில் பார்த்தவள் சுடலைவடிவு. பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் பாட்டுக்கு இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தி, பெட்டியில் கரியைப் போட்டு விசிறி, வக்கீல் வீட்டு வேட்டியில் பாதியைத் தேய்த்து முடித்த பிறகுதான், நேற்று இந்த மரத்தை அறுக்கும்போது தான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது ஞாபகம் வந்து அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி வானம். கீழே கிளை கிளையாக, இலை இலையாக, நடுநடுவே வெயில் கசிய, காற்றடித்தால் ஆடிக்கொண்டு, குளுகுளுவென்று நிழல். "சரி, இதாவது இருக்கே" என்று சொல்லிவிட்டு மீதி வேட்டியைத் தேய்த்தாள். பத்து மணிக்கு வக்கீல் கோர்ட்டுக்குப் போகணும், அவருக்கு வேட்டி வேண்டாமா?

மரத்தை வெட்டச் சொன்னவள் தவமணி. நகர்மன்றத் தலைவி. பெயருக்குத் தலைவியாக உட்கார்ந்துகொண்டு புருஷனைப் பேசவிடுகிற ஆள் இல்லை. புருஷன் மாவு மில்லோடு சரி, நகராட்சிப் பக்கம் தலை காட்ட மாட்டார், எல்லாம் இவள் ராஜ்யம்தான். வடிவும் அவளும் ஒரே தெரு, ஒரே குழாயடி, ஒரே வாய்ச் சண்டை, ஒரே சமாதானம். தேர்தல் சமயத்தில் வடிவு தேய்த்து மடித்த ஒவ்வொரு துணியோடும், "எங்க தவமணிக்கு ஒரு ஓட்டு, மறந்துராதீங்க" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்து மடித்துத்தான் கொடுத்தாள். அப்படி ஊரில் பாதிப் பேர் மடிப்புக் கலையாமல் போய் ஓட்டுப் போட்டதில்தான் தவமணி ஜெயித்தாள் என்று வடிவு எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். தவமணியும் அதை இல்லையென்று சொன்னதில்லை.

மரத்தை வெட்டியதற்குக் காரணம் பூங்கா. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஊருக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று தவமணி மேலே போய் நின்று, காத்துக்கிடந்து, வாங்கிக்கொண்டு வந்த திட்டம் அது. கூடவே ஒரு படமும் வந்தது. எங்கேயோ ஒரு ஆபீசில், இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத யாரோ வரைந்த படம். எந்த ஊருக்கும் அதே படம்தான். நடுவில் வட்டமாக நீரூற்று, சுற்றிலும் நடைபாதை, ஓரத்தில் சறுக்குமரமும் ஊஞ்சலும், கை காலை ஆட்ட நாலைந்து இரும்புச் சாமான்கள். மைதானத்தில் நாடாவைப் பிடித்து நடு எதுவென்று அளந்தால், நடுவில் மரம் நின்றது.

"நீரூற்றைக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன?" என்று தவமணி கேட்கத்தான் செய்தாள்.

நகராட்சிப் பொறியாளர் ஞானதுரை நல்ல மனுஷன், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். "நீரூற்றைத் தள்ளணும்னா படத்தை மாத்தணும்மா. படத்தை மாத்தணும்னா மேல அனுப்பணும். மேல போனது கீழ வர்றதுக்குள்ள மார்ச்சு முடிஞ்சி நிதி திரும்பிப் போயிரும். மரத்தை எடுக்கிறது லேசு" என்றார். மன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. மேஜையைத் தட்டினார்கள், வடை வந்தது, தின்றார்கள்.

மரம் அறுக்க மேற்கேயிருந்து வந்த அய்யாக்குட்டி, கயிறு ரம்பம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றார். என்னய்யா என்று கேட்டால், "இதுல குடியிருக்கிறதுககிட்ட உத்தரவு கேக்கணும்ங்க. நான் கூலிக்கு அறுக்கிறவன், நான் கேக்க முடியாது. வெட்டச் சொன்னவுக வந்து கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். அது அவர்கள் பக்கத்து வழக்கம். சரியென்று தவமணியே வந்தாள். தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, அடிமரத்தில் கையை வைத்தாள். சுற்றிலும் செருப்புத் தைக்கிறவர், பூக்காரிகள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், இஸ்திரி வண்டியோடு வடிவு, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் பேசிப் பழகின வாய் அவளுக்கு. "தாயே, உன்கிட்ட ஒதுங்கினவுகளை நான் கைவிட மாட்டேன். இதே இடத்துல உனக்குப் பதிலா இன்னொரு மரம் வச்சி ஆளாக்குவேன். அதுவரைக்கும் இவுகள்ல ஒருத்தரையும் வெயில்ல நிக்க விடமாட்டேன். இது சத்தியம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. பொய்யாகச் சொல்லவில்லை, அந்த நிமிஷத்தில் நெஞ்சாரத்தான் சொன்னாள். மரம் அதைக் கேட்டுக்கொண்டது போலிருக்கிறது. கேட்டுக்கொண்டு, உடம்பை மட்டும் லாரியில் அனுப்பிவிட்டு, நிழலை விட்டுவிட்டுப் போனது.

மத்தியானத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. பார்த்துவிட்டு யாரும் மயங்கி விழவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. "நல்ல மரம்யா, போகும்போதுகூட எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுப் போகல" என்று சொல்லி, கையிலிருந்த பையைக் கீழே வைத்து, துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். சாயங்காலமானால் தூங்குமூஞ்சி இலை கூம்புமே, அதேபோல நிழலும் இலைகளைக் கூம்பிக்கொண்டது. காக்கைகள்தான் பாவம், பழைய ஞாபகத்தில் மரத்தின் உயரத்துக்கு வந்து காலை நீட்டி உட்காரப் பார்த்து, கிளை அகப்படாமல் சொத்தென்று கொஞ்சதூரம் விழுந்து, சுதாரித்துக்கொண்டு திட்டிக்கொண்டே பறந்தன. ஆனால் கீழே நிழலில் கூடு இருந்தது, கூட்டில் குஞ்சு வாயைப் பிளந்தது. பங்குனியில் நிழல் இலை உதிர்த்தது. தரையெல்லாம் இலைகளின் நிழல் சிதறிக் கிடக்க, துப்புரவு மேஸ்திரி கூட்டச் சொன்னார். கூட்டுகிற பெண் வாரியலைப் போட்டு இழுத்தால், நிழல் வாரியல்மேலேயே ஏறிக்கொண்டது. "கூட்டியாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள், மேஸ்திரியும் சரியென்று விட்டுவிட்டார். வெயிலோடு மழை பெய்த ஒருநாள் நிழலுக்குள் நின்ற அத்தனை பேரும் தொப்பலாக நனைந்தார்கள். அதையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை, நிழல் நிழலுடைய வேலையைத்தானே பார்க்கும்.

நகராட்சிக்குத்தான் தலைவலி. நிழல் யாருடையது? காலையில் அது மேற்கே சாய்ந்து ஆறாவது வார்டுக்குள் போனது, சாயங்காலம் கிழக்கே நீண்டு பதினொன்றாவது வார்டுக்குள் விழுந்தது. இரண்டு கவுன்சிலர்களும் மன்றத்தில் எழுந்து நின்று, உன் நிழலா என் நிழலா என்று வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகச் சண்டை போட்டார்கள். கடைசியில், காலை நிழல் ஆறாவது வார்டு, மாலை நிழல் பதினொன்றாவது வார்டு, உச்சி நிழல் பொது, மொத்த நிழலும் நகராட்சியின் சொத்து என்று தீர்மானம் போட்டார்கள். தவமணிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஊர்த் தலைவர்கள் காரில் வந்து இறங்கி, நிழலைச் சுற்றி நடந்து பார்த்து, "எப்படிம்மா இது?" என்று கேட்டார்கள். "நம்ம நிர்வாகம்தான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

திட்டத்தின் கடைசி வரியில் மரக்கன்று நடுவதென்று ஒரு வேலை இருந்தது. ஞானதுரை தலையைச் சொறிந்தார். "நிழல் இருக்கிற இடத்துல நிழலுக்குன்னு மரம் வச்சா, ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு தடவைன்னு தணிக்கைக்காரன் பிடிச்சுக்கிடுவான்ம்மா. இதுன்னா குப்பை விழாது, கொப்பு ஒடியாது, கரண்டுக் கம்பியில உரசாது, எச்சம் கிடையாது. இதைவிட நல்ல மரம் எங்க கிடைக்கும்?" தவமணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வைக்கலாம், பிறகு வைக்கலாம், எங்கே போய்விடப் போகிறது? நிழல்தான் இருக்கிறதே.

பூங்கா திறந்தாயிற்று. திறந்த அன்றைக்கு நீரூற்றில் தண்ணீர் பீய்ச்சியது. அதோடு சரி, பிறகு அதில் தவளைகூடக் குடியேறவில்லை. சுற்றிலும் சுவர் வைத்து, சுவர்மேல் ஈட்டி ஈட்டியாகக் கம்பி நட்டு, இரும்புக் கேட்டுப் போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் பலகை வைத்தார்கள். வண்டிகள் உள்ளே வரக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது, படுக்கக்கூடாது, புல்லை மிதிக்கக்கூடாது. பார்வை நேரம் காலையில் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, சாயங்காலம் நாலு மணியிலிருந்து விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் வரை. எந்த ஊர்ப் பூங்காவிலும் அப்படித்தான் எழுதியிருக்கும், அதனால் இங்கேயும் அப்படியே எழுதினார்கள். மத்தியானம் திறந்து விட்டால் ஒருத்தன் படுத்துத் தூங்குவான், ஒருத்தன் சீட்டு விளையாடுவான், ஒருத்தன் காதலிப்பான், அதெல்லாம் நகராட்சிக்கு ஆகுமா? எது எப்போது வேண்டுமோ அதை அப்போது பூட்டி வைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. உச்சி வெயிலில் ஊரே ஒரு சாண் நிழலுக்கு அலையும்போது, அவ்வளவு பெரிய நிழல் பூட்டின கேட்டுக்குள்ளே ஒரு ஆள் இல்லாமல், தன்பாட்டுக்கு இலையை அசைத்துக்கொண்டு கிடந்தது.

வடிவின் வண்டி சுவருக்கு வெளியே வந்துவிட்டது. காலையில் நிழல் மேற்குச் சுவரைத் தாண்டும், அவள் மேற்கே போவாள். சாயங்காலம் கிழக்குச் சுவரைத் தாண்டும், கிழக்கே வருவாள். நடுவில்தான் கஷ்டம். ஒருநாள் குழாயடியில் வைத்துத் தவமணியைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுட்டி."

"மத்தியானம் அந்தக் கேட்டைத் திறந்து போடச் சொல்லேன். உச்சியில அவ்வளவு நிழலும் உள்ள போயிருது. மேல வெயிலு, கையில கரிப்பெட்டி, நான் என்ன அப்பளமா ரெண்டு பக்கமும் பொரியிறதுக்கு? வண்டியைக்கூட உள்ள விட வேண்டாம். நாங்க நாலு பேரு போயி செத்த நேரம் உக்காந்துட்டு வந்துருவோம்."

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவுதானா? அடுத்த கூட்டத்துல வைக்கேன்ட்டி" என்றாள். வைக்கவும் செய்தாள், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் சின்ன விஷயம் என்பதால் கடைசிப் பொருளாக வைத்தாள். நகர்மன்றத்தில் கடைசிப் பொருளின் கதி தெரியுமா? முதல் பொருளுக்கே சண்டை, இரண்டாவதுக்கு வெளிநடப்பு, அதற்குள் வடை ஆறிப்போகும், எழுந்து போய்விடுவார்கள். ஒத்திவைத்தார்கள். மறுகூட்டத்திலும் கடைசியில் வைத்தாள், மறுகூட்டத்திலும் ஒத்திவைத்தார்கள். வடிவு கேட்கும்போதெல்லாம் "அடுத்த கூட்டம்" என்பாள். அவள் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும், வாட்ச்மேன் திறந்திருப்பான். முறைப்படி மன்றத்தில் வைத்துத்தான் செய்யணும் என்று ஏன் நினைத்தாள் என்பதை இப்போது யோசித்தால் அவளுக்கே விளங்கவில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. இதற்கிடையில் மற்ற வார்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் வார்டுக்கும் ஒரு பூங்கா, எங்கள் வார்டுக்கும் மரமில்லாத நிழல் என்று வரிசையில் நின்றார்கள். ஆஸ்பத்திரி ரோட்டுப் புங்கை, பள்ளிக்கூடத்து வேம்பு, சந்தைப்பேட்டைப் பூவரசு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் பந்தல் போட்டு, தேங்காய் உடைத்து, தவமணி அடிமரத்தில் கையை வைத்து, அதே வார்த்தைகளை, அதே ஏற்ற இறக்கத்தோடு, இந்தத் தடவை மைக்கில் சொன்னாள். கைதட்டினார்கள். மெஷின் ரம்பம் வந்து ஒரு பொழுதில் சாய்த்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் வெயில். நிழல் மரத்தோடேயே லாரி ஏறிப் போயிருந்தது. தேங்காய் அழுகல் என்றார்கள், நாள் சரியில்லை என்றார்கள், சந்தைப்பேட்டை மண்ணுக்கு அந்த ராசி இல்லை என்றார்கள், அடுத்த மரத்தில் பார்ப்போம் என்றார்கள். எவனாவது ஒருத்தன், ஐயா போதும், நிறுத்துங்கள் என்று சொன்னானா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வார்டுக்கு நிழல் வேண்டாமென்று அர்த்தமாகிவிடும். கோடை பிறக்கும்போது உடையனேரியில் பச்சை என்று பார்க்க வேண்டுமானால் பெயின்ட் கடைக்குத்தான் போகணும்.

அந்தக் கோடையில்தான் வடிவு நேராக நகராட்சி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். தவமணி காரில் ஏறப் போகிற நேரம், கவுன்சிலர்கள் சுற்றி நின்றார்கள்.

"அந்த மரத்துக்கிட்ட நீ என்னட்டி சொன்னே?" என்று கேட்டாள் வடிவு.

"இங்க வச்சி என்ன பேச்சு? வீட்டுக்கு வா."

"வீட்டுக்கு வந்தா அடுத்த கூட்டம்ங்கே. புதுமரம் வைப்பேன், அதுவரைக்கும் யாரையும் வெயில்ல நிக்க விடமாட்டேன்னு சொன்னியா இல்லையா? உன் பேச்சை நம்பித்தான் அந்த நிழலு நிக்கி. நீ கன்னு வச்சி ஆளாக்குற வரைக்கும் நமக்குக் கைத்தாங்கலா நிக்கி. நீ என்னன்னா அதுமேலயே பாயை விரிச்சிப் படுத்துட்ட. அதையும் பூட்டி வேற வச்சிருக்க."

கவுன்சிலர்களில் ஒருத்தர் சிரிப்பை அடக்கினார். அதைத் தவமணி பார்த்துவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவள் பார்க்காமல் இருந்திருந்தால். "யார்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சி பேசு. நீ சுவரோரத்துல வண்டி போடுறதுக்கே அனுமதி கிடையாது. போனாப் போகுதுன்னு விட்டுருக்கோம்" என்றாள்.

"சரிங்க தலைவரம்மா" என்றாள் வடிவு. சேலையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். கார் கிளம்பின பிறகு தவமணி திரும்பிப் பார்த்தாள். ராத்திரி போய்ச் சமாதானம் பேசிவிடலாம் என்று நினைத்தாள். போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது, மாடுகள் நடுரோட்டில் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றன. நகர்மன்றக் கூடத்தில் புது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதிசயமாகச் சண்டை எதுவும் வராமல், கடைசிப் பொருள்வரை வந்துவிட்டார்கள். பூங்காவை மத்தியானம் திறப்பது பற்றி. பதினொன்றாவது வார்டு எழுந்து, "மத்தியானம் திறந்தா புல்லு வீணாப் போயிருமே" என்று கேட்டார். புல் காய்ந்து வெகுநாளாயிற்று என்று ஆறாவது வார்டு சொன்னார். காய்ந்த புல்லானாலும் நகராட்சிப் புல்தானே என்று பதினொன்றாவது வார்டு கேட்டார். அந்த நேரத்தில்தான் தவமணிக்குப் போன் வந்தது.

பூங்கா வாசலில் வடிவு விழுந்து கிடந்தாள். வெயில் தாங்காமல் தலை சுற்றவும், நிழலைப் பார்த்து நடந்து வந்து கேட்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறாள். உள்ளே ஒரு எட்டு வைத்தால் நிழல். கேட் பூட்டியிருந்தது, வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தான். பூக்காரிகள் ஓடி வந்து தண்ணீரை ஊற்றினார்கள், ஒருத்தர் சுவரேறிக் குதிக்கப் பார்த்துக் கம்பி குத்தித் தொடையைக் கிழித்துக்கொண்டார். தவமணி வந்து இறங்கும்போது, வடிவு மூச்சு இழுத்துக்கொண்டு கம்பிக்கு ஓரமாகக் கிடந்தாள். வலது கை கம்பிகளுக்கு நடுவே உள்ளே நீண்டிருந்தது. விரல் நுனி நிழலைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மற்ற உடம்பு முழுக்க வெயிலில் கிடந்தது.

உயிர் பிழைத்தாள். வாய் கொஞ்சம் குழறியது, பிறகு சரியாகிவிட்டது. வலது கால் இழுத்தது, வலது கை வரவே இல்லை. இஸ்திரிப் பெட்டி தூக்கின கை, ஒரு தம்ளரைத் தூக்க முடியாமல் தொங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தவமணி நின்றாள், ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு, "ஏட்டி, ஏட்டி" என்றாள். வடிவு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் மகள்தான், "நீங்க போங்க பெரியம்மா, அம்மாவுக்கு ஒறக்கம் வருது" என்றாள்.

மறுநாள் மத்தியானம் பூங்கா கேட் திறந்தது. தீர்மானமும் இல்லை, கூட்டமும் இல்லை, தவமணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள், திறந்துவிட்டார்கள். இவ்வளவுதான் வேலை. செருப்புத் தைக்கிறவரும் பூக்காரிகளும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் தயங்கித் தயங்கி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். தவமணியும் போனாள். அவள் நிழலுக்குள் காலை வைத்ததும் அந்த இடத்தில் நிழல் விலகியது. இன்னொரு எட்டு வைத்தாள், அங்கேயும் விலகியது. எங்கே போய் நின்றாலும் அவளைச் சுற்றி ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு வெயில் வட்டமாக விழுந்தது. அவள் நகர்ந்தால், பின்னாலேயே நிழல் கூடிக்கொண்டது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் வந்தால் அந்த வெயிலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காரப் பழகிக்கொண்டார்கள், சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் தம்ளருக்கு இடம் விடுகிற மாதிரி. ஒரு பூக்காரி மட்டும் மனசு கேட்காமல் குடையைக் கொடுத்தாள். தவமணி வேண்டாமென்று விட்டாள்.

ஆட்களை விட்டு நீரூற்றை இடித்தாள். படம் என்ன ஆகும் என்று ஞானதுரை கேட்டார். "படம் நாசமாப் போகட்டும்" என்றாள். மரம் நின்ற அதே இடத்தில் குழி வெட்டி, பந்தல் மைக் தேங்காய் ஒன்றுமில்லாமல், தூங்குமூஞ்சிக் கன்று ஒன்றைத் தன் கையால் நட்டாள். அது வெளுத்துச் செத்தது. இன்னொன்றை நட்டாள், அதுவும் செத்தது. காலையிலும் மாலையிலும் சாய்வாக விழுகிற வெயில் கன்றுக்குப் போதவில்லை. உச்சியில் நல்ல வெயில் விழ வேண்டிய நேரத்தில் பழைய நிழல் வந்து கவிந்து மூடிக்கொண்டது. கைத்தாங்கலாக நின்ற நிழல்தான், ஆனால் வெகுகாலம் நின்றுவிட்டதில், புதிதாக ஒன்றை முளைக்க விடாத அளவுக்கு அடர்ந்து போயிருந்தது. கன்று நட்டிருக்க வேண்டிய காலம் எது என்று தவமணிக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. அந்த முதல் வருஷம். நிழல் இளசாக, ஓட்டை ஓட்டையாக, நடுநடுவே வெயில் கசிந்துகொண்டிருந்த அந்த முதல் வருஷம்.

மூன்றாவது கன்றுக்கு ஒரு மத்தியானம் தண்ணீர் ஊற்றிவிட்டு, இடுப்பு வலித்து, எழுந்து போக மாட்டாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வழக்கம்போல நிழல் விலகி அவள்மேல் வெயில் விழுந்தது. அவள்மேல் விழுந்த வெயில் கன்றின்மேலும் விழுந்தது. சோர்ந்து தொங்கின இலைகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பதவிக்காலம் முடிந்தது, மறுபடி நில்லுங்கள் என்று வந்து கேட்டவர்களை, எனக்கு மத்தியானத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். ஊரெல்லாம் நிழலுக்கு ஒதுங்குகிற நேரத்தில், அவ்வளவு பெரிய நிழலுக்கு நடுவில், அவள் ஒருத்தி வெயிலைக் கூட்டிக்கொண்டு வந்து கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, முன்பு மேடையில் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

வடிவு தினமும் அங்கேதான் வந்து உட்கார்ந்தாள். வண்டியை இப்போது அவள் மகள் தள்ளுகிறாள். மகள் சாப்பாட்டுத் தூக்கோடு அம்மாவைக் கொண்டுவந்து நிழலில் விட்டுவிட்டுப் போவாள். வடிவு தவமணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை அப்படியே இருப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. தவமணி நாலைந்து தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வடிவு இருமினால் இவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

கன்று முழங்கால் உயரம் வந்திருந்த ஒரு சித்திரை மத்தியானத்தில், வடிவு கையை ஊன்றி எழுந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற ஓரத்தில் நின்றாள். தவமணி முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, இடது கையால் கன்றின் கொழுந்தைத் தொட்டுப் பார்த்தாள், இலையின் அடியில் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வருவேல்லா?" என்று கன்றைப் பார்த்துக் கேட்டாள்.

தவமணிக்கு எத்தனையோ வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. ஒன்றையும் வெளியே விடாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வராம இருந்துராத. கன்னு செத்துப் போகும்."

அவ்வளவு சொல்லிவிட்டு வடிவு திரும்பி நடந்தாள். தன் பழைய இடத்தில், பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தவமணி கன்றைப் பார்த்தாள். வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த முந்தானையின் நிழல் கொழுந்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. முந்தானையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.